மூலிகை ஒன்றுதான், குடல் வேறு: மரபு மருந்துகளும் குடல் நுண்ணுயிர்களும்

நிலவாகை இலையை இரவு படுக்கும் முன் கொடுப்பார்கள். விடிந்ததும் வயிறு கழியும். விழுங்கியதற்கும் வேலை செய்வதற்கும் நடுவே 6 முதல் 12 மணி நேரம் ஆகிறது. பேதி மருந்து ஒன்று ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று தேடிப் போனால், இலையை விட்டுவிட்டுப் பெருங்குடலுக்குள் போக வேண்டியிருக்கிறது.

இலையில் உள்ள முக்கியமான சரக்கு சென்னோசைடு ஏ, சென்னோசைடு பி என்ற இரண்டு வேதிப்பொருள்கள். இரண்டிலும் சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். ஒட்டியிருக்கும்வரை சிறுகுடல் அவற்றை உறிஞ்சுவதில்லை. நம் உடலில் சுரக்கும் செரிமான நொதிகளால் அந்தப் பிணைப்பை வெட்டவும் முடியாது. அதனால் இரண்டும் அப்படியே பெருங்குடல்வரை போய்ச் சேருகின்றன. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. குடல் அசைவைக் கூட்டுவதும், நீர் உறிஞ்சப்படுவதைக் குறைத்து மலத்தை இளக்குவதும் இந்த ரெயின் ஆந்த்ரோன்தான். சீன மருத்துவம் பயன்படுத்தும் ரூபார்ப் கிழங்கும் இதே வழியில்தான் பேதியாக்குகிறது.

கற்றாழைப் பாலை உலர்த்திய கரியபோளத்தில் இதற்கு நேரடியான சோதனைச் சான்று உண்டு. அதிலுள்ள பார்பலாயினை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். பேதியாகவில்லை. அதே வகை எலிகளின் குடலில், மனித மலத்திலிருந்து பிரித்தெடுத்த யூபாக்டீரியம் வகை ஒன்றைக் குடியேற்றிவிட்டுக் கொடுத்தபோது பேதியானது. 1996-ல் வெளியான இந்த ஆய்வில் மருந்தும் அதேதான், விலங்கும் அதேதான். வேறுபட்டது ஒரே ஒரு பாக்டீரியா.

மரபு மருந்துகளையும் நுண்ணுயிர்களையும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் “இந்த மூலிகை நல்ல பாக்டீரியாவை வளர்க்கும்” என்ற பக்கமே முன்னால் வருகிறது. சான்று அதிகம் திரண்டிருப்பது மறுபக்கத்தில்: மூலிகையை மருந்தாக ஆக்குவதே பல நேரங்களில் பாக்டீரியாதான். மருந்தின் அளவு, பலன், பக்கவிளைவு எல்லாவற்றையும் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதே நடைமுறைக்கு உதவும் என்பது எங்கள் துணிபு.

குடலுக்குள் இருக்கும் மருந்துச்சாலை

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் வெளியான கணக்கு சொல்கிறது. மனித செல்கள் ஏறத்தாழ 30 லட்சம் கோடி. நம் செல்களைப்போல் பத்து மடங்கு பாக்டீரியா என்று இன்னமும் எழுதப்படுவது பழைய, தவறான மதிப்பீடு. மொத்தப் பாக்டீரியாக்களின் எடையும் 2 கிலோ அல்ல, ஏறத்தாழ 200 கிராம்தான்.

எண்ணிக்கையைவிட முக்கியம் அவை இருக்கும் இடம். இரைப்பையின் அமிலத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம் பாக்டீரியாக்களே தாக்குப்பிடிக்கின்றன. பெருங்குடலில் அதே அளவில் 10,000 கோடி இருக்கும். ஆகவே சிறுகுடலிலேயே உறிஞ்சப்படும் பொருள் பாக்டீரியாவின் கைக்குப் பெரிதாகச் சிக்குவதில்லை. உறிஞ்சப்படாமல் தப்பி வருவதுதான் சிக்கும். மூலிகைகளின் வேதிப்பொருள்களில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை. தாவரங்கள் தமக்கே நச்சாகக்கூடிய பொருள்களைச் சர்க்கரையோடு பிணைத்து, நீரில் கரையும்படி ஆக்கிச் செல்லுக்குள் ஒதுக்கிவைக்கின்றன. இந்தக் கிளைக்கோசைடுகள் குடல் சுவரின் கொழுப்புப் படலத்தைத் தாண்ட முடியாதவை. கஷாயம் காய்ச்சும்போது தண்ணீரில் எளிதாக இறங்குவதும் இவைதான். அதாவது கஷாயத்தில் நாம் வாங்கிக்கொள்வது பெரும்பாலும் பூட்டிய பொருள்கள். அவற்றைத் திறக்கும் குளுக்கோசிடேஸ், குளுக்குரோனிடேஸ், ரிடக்டேஸ் நொதிகள் பாக்டீரியாக்களிடம் இருக்கின்றன.

எல்லாப் பாக்டீரியாவிடமும் எல்லா நொதியும் கிடையாது. சர்க்கரையை வெட்டும் வேலையைப் பல இனங்கள் செய்யும். அதனால் நிலவாகை பெரும்பாலோருக்கு வேலை செய்துவிடுகிறது. சில வேலைகளை ஓரிரு இனங்கள் மட்டுமே செய்யும். அந்த இனம் ஒருவர் குடலில் இல்லாவிட்டால் எத்தனை கிராம் சாப்பிட்டாலும் அந்தப் பொருள் உருவாகாது.

அதிமதுரமும் பொட்டாசியமும்

அதிமதுர வேரின் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின். இதுவும் சர்க்கரை சார்ந்த இரண்டு அலகுகளோடு பிணைந்தது. வாய்வழி எடுத்தால் அப்படியே இரத்தத்தில் சேருவது மிகமிகக் குறைவு. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்த இரண்டு அலகுகளையும் கழற்றியதும் கிளைசிரெட்டினிக் அமிலம் வெளிப்படுகிறது. அதுதான் இரத்தத்தில் ஏறுகிறது. கிருமியற்ற எலிகளுக்குக் கிளைசிரைசின் கொடுத்தபோது இரத்தத்தில் இந்த அமிலம் தென்படவில்லை.

வெளிவந்த அமிலம் சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுக்கிறது. கார்ட்டிசால் என்ற இயற்கை ஹார்மோனைச் செயலிழக்கச் செய்வது அந்த நொதியின் வேலை. அது தடைபட்டால் கார்ட்டிசால் சும்மா இருப்பதில்லை; உப்பைத் தேக்கிவைக்கச் சொல்லும் ஏற்பிகளைப் போய்த் தட்டுகிறது. சோடியமும் நீரும் உடலில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும். இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை தளரும். பொட்டாசியம் மிகக் குறைந்தால் இதயத் துடிப்பே தாளம் தவறும்.

ஐரோப்பிய வல்லுநர் குழு பரிந்துரைத்த உச்சவரம்பு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசின். நல்ல வேரில் குறைந்தது 4 சதவீதம் கிளைசிரைசின் இருக்க வேண்டும் என்பது தரவிதி. கணக்குப் போட்டால் 2.5 கிராம் வேர்ச்சூரணத்திலேயே அந்த 100 மில்லிகிராம் வந்துவிடுகிறது. 5 கிராம் எடுத்தால் இரு மடங்கு. இருமலுக்கு நாலைந்து நாள் எடுப்பவருக்கு இதனால் பெரும்பாலும் தீங்கு வராது. வாரக்கணக்கில் தினமும் எடுப்பவர், ஏற்கெனவே இரத்த அழுத்தம் உள்ளவர், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோர் விலக வேண்டியது இந்தக் கணக்கினால்தான்.

இதில் மலச்சிக்கலுக்கும் ஒரு பங்குண்டு, பலரும் அதை யோசிப்பதில்லை. குடலில் சரக்கு தங்கும் நேரம் நீள நீள, பாக்டீரியாக்களுக்கு வேலை செய்ய அவகாசம் கூடுகிறது. அமிலம் அதிகமாக வெளிப்படுகிறது, உறிஞ்சப்படுகிறது. இருவர் ஒரே அளவு எடுத்தும் மலச்சிக்கல் உள்ளவருக்குத்தான் அழுத்தம் ஏறுகிறது என்றால், அதற்குச் செரிமானப் பாதையின் வேகமே போதிய காரணமாக இருக்கக்கூடும். கிளைசிரைசினை நீக்கிய அதிமதுரச் சாறு மாத்திரையாகக் கிடைக்கிறது. அதற்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, ஆனால் கிளைசிரைசினால் வரும் பலனையும் அதில் எதிர்பார்க்கக் கூடாது.

பலன் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது

கடுக்காயில் எல்லாஜிட்டானின்கள் என்ற டானின் வகை (துவர்ப்புப் பொருள்கள்) மிகுதி. திரிபலாவில் கடுக்காய், தான்றிக்காய், நெல்லி மூன்றுமே டானின் நிறைந்தவை. இந்தப் பெரிய மூலக்கூறுகள் குடலில் உடைந்து எல்லாஜிக் அமிலமாகும். அந்த அமிலமும் நீரில் எளிதில் கரையாது, உறிஞ்சப்படுவதும் சொற்பம். அதைப் பாக்டீரியாக்கள் படிப்படியாகச் செதுக்கி யூரோலித்தின்கள் என்ற சிறு மூலக்கூறுகளாக்கினால்தான் இரத்தத்தில் கணிசமாகச் சேரும்.

இந்தச் செதுக்கலைச் செய்யும் இனங்கள் சிலவே. கோர்டோனிபாக்டர் யூரோலித்தின்ஃபேசியன்ஸ் என்ற இனத்துக்கு 2014-ல் பெயரிட்டதே இந்தத் திறனை வைத்துத்தான். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் மனிதர்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: யூரோலித்தின் ஏ மட்டும் உண்டாக்குபவர், அதோடு பி வகையும் ஐசோ வகையும் சேர்த்து உண்டாக்குபவர், கடைசிவரை எதையுமே உண்டாக்காதவர். மூன்றாம் வகையினர் ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் என்ற அளவில் வருகிறார்கள். அவர்கள் ஆண்டுக்கணக்கில் திரிபலா சாப்பிட்டாலும் யூரோலித்தினால் வரவேண்டிய பலன் எதுவும் அவர்களுக்கு வரப்போவதில்லை. டானினின் துவர்ப்புத் தன்மையால் வரும் நேரடிப் பலன் மட்டும் கிடைக்கும்.

ஜின்செங் வேரிலும் இதே கதை. ஜின்செனோசைடு ஆர்பி1 என்ற பொருளிலிருந்து சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ‘கலவை கே’ என்ற வடிவத்துக்குக் கொண்டுவருவது குடல் பாக்டீரியா. உறிஞ்சப்படுவது அந்த வடிவம். ஒருவர் குடல் செய்யும் அளவுக்கும் மற்றவர் குடல் செய்யும் அளவுக்கும் வித்தியாசம் பெரிது. சிலருக்குப் பலன் தெரிவதும் சிலருக்கு ஒன்றுமே தெரியாததும் வேரின் தரத்தால் மட்டும் வருவதல்ல.

மரபு மருத்துவங்கள் எல்லாமே ஆளைப் பார்த்து மருந்து கொடு என்று வலியுறுத்துபவை. அந்த அவதானிப்பு சரியானது என்பதற்கு இங்கே வலுவான வேதியியல் காரணம் கிடைக்கிறது. ஆனால் வாதம், பித்தம், கபம் என்ற பிரிவுகள்தான் யூரோலித்தின் வகைகள் என்று முடிச்சுப் போட முடியாது. 2018-ல் மேற்கு இந்தியக் கிராமப்புற மக்களிடம் நடந்த ஓர் ஆய்வு வாத, பித்த, கப உடல்வாகுகளுக்கிடையே சில நுண்ணுயிர் வேறுபாடுகளைக் காட்டியது. அடிப்படைக் கூட்டம் எல்லா வகையினருக்கும் பொதுவாகவே இருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். தொடர்பு தெரிகிறது; எது எதற்குக் காரணம் என்பது அதிலிருந்து தெரியாது.

மரமஞ்சளின் பெர்பெரின்: புதிராக இருந்த மருந்து

மரமஞ்சள், சீனத்தின் ஹுவாங்லியன் இரண்டையும் மஞ்சளாக்குவது பெர்பெரின். வயிற்றுப்போக்குக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது. சர்க்கரையையும் கொழுப்பையும் குறைப்பதும் பின்னர் தெரியவந்தது. மருந்தியலாளர்களை இது வெகுநாள் குழப்பியது. எலிகளில் அளந்தால் வாய்வழி எடுத்ததில் 1 சதவீதம்கூட இரத்தத்தில் தெரியவில்லை. இரத்தத்துக்கே வராத பொருள் எப்படி வேலை செய்யும்?

2015-ல் சீன ஆய்வாளர்கள் ஒரு விடையைக் காட்டினார்கள். குடல் பாக்டீரியாக்களின் நைட்ரோரிடக்டேஸ் நொதி பெர்பெரினை டைஹைட்ரோபெர்பெரினாக மாற்றுகிறது. விலங்குகளில் இது ஏறத்தாழ 5 மடங்கு எளிதாக உறிஞ்சப்பட்டது. குடல் சுவரைத் தாண்டியதும் அது மீண்டும் பெர்பெரினாகவே மாறிவிடுகிறது. இரத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு நடுவில் பாக்டீரியா கைவைத்தது தெரியாது.

மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2020-ல் வெளியானது. சீனத்தில் 20 மையங்கள், புதிதாக இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட 409 பேர், 12 வாரம். பெர்பெரின் எடுத்தவர்களுக்கு எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் சதவீத அளவு) 0.99 புள்ளி இறங்கியது. பெர்பெரினோடு புரோபயாடிக்கும் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) எடுத்தவர்களுக்கு 1.04. போலி மருந்து (ஒப்பிடுவதற்காகத் தரும், மருந்தில்லாத மாத்திரை) எடுத்தவர்களுக்கும் 0.59 இறங்கியது, புரோபயாடிக் மட்டும் எடுத்தவர்களுக்கு 0.53. பெர்பெரினின் உண்மையான பங்கு போலி மருந்துக்கு மேலே உள்ள 0.4 புள்ளிதான் என்பதைக் கவனிக்க வேண்டும். விளம்பரங்கள் 0.99 என்ற எண்ணை மட்டும் எடுத்துப் போடும். புரோபயாடிக் சேர்த்ததால் கூடுதலாகக் குறிப்பிடும்படி எதுவும் கிடைக்கவில்லை. இயங்கும் வழியைத் துருவியபோது, ருமினோகாக்கஸ் புரோமியை என்ற பாக்டீரியா பித்த அமிலங்களை மாற்றும் வேலையைப் பெர்பெரின் தடுப்பது தெரிந்தது. இங்கே பாதை இருவழியாக ஓடுகிறது: பாக்டீரியா மருந்தை மாற்றுகிறது, மருந்தும் பாக்டீரியாவை மாற்றுகிறது.

பெர்பெரின் எடுத்தவர்களுக்கு வயிற்றுக் கோளாறுகள் கூடுதல். கல்லீரலின் மருந்து முறிக்கும் நொதி ஒன்றையும் அது தடுப்பதால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளின் இரத்த அளவு ஏறிவிடும். பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் நிறமியான பிலிருபினை அது இரத்தப் புரதத்தின் பிடியிலிருந்து தளர்த்தி மூளைவரை போகவிடக்கூடும்.

சாதாரண மஞ்சளின் குர்க்குமினுக்கும் உறிஞ்சப்படாத குறை உண்டு. 1998-ல் பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் பிப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது இரத்தத்தில் சேருவது 20 மடங்கு கூடியது. அந்த ஒரு முடிவின்மேல் ஒரு பெரிய வணிகமே எழுந்தது. உறிஞ்சப்படாததெல்லாம் வீண் என்ற எண்ணம் அதற்கு அடிப்படை. உண்மையில் உறிஞ்சப்படாத குர்க்குமின் பெருங்குடலுக்குப் போகிறது, அங்கே ஈ. கோலை என்ற பாக்டீரியா அதை நொதியால் மாற்றுவதை 2011-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கிவிட்டார்கள். உறிஞ்சலை வலிந்து கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகளைப் பல நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சமையலில் சேரும் மஞ்சளையும் இந்த மாத்திரைகளையும் ஒன்றாக நினைப்பது தவறு.

பாக்டீரியா மருந்தைக் கெடுக்கும் இடமும், நஞ்சாக்கும் இடமும்

உடல் வீக்கத்துக்கு நாட்டு மருந்தாக இருந்த டிஜிடாலிஸ் செடியை 1785-ல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் அளவு குறித்து மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். அந்தக் குடும்பத்தின் இன்னொரு செடியிலிருந்து கிடைக்கும் டிகாக்சின் இன்றும் இதய மருந்து. பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, எடுத்த டிகாக்சினில் கணிசமான பங்கு செயலற்ற வடிவமாக மாறிவிடுவது 1980-களின் தொடக்கத்தில் தெரிந்தது. மாற்றுவது எக்கர்தெல்லா லென்டா என்ற குடல் பாக்டீரியா. அந்த ஆளுக்கு மருத்துவர் அளவைக் கூட்டி நிலைப்படுத்தியிருப்பார். பிறகு வேறு ஏதோ தொற்றுக்கு எரித்ரோமைசினோ டெட்ராசைக்ளினோ கொடுத்தால் பாக்டீரியா மடிகிறது, மாற்றம் நின்றுபோகிறது, இரத்தத்தில் டிகாக்சின் இரு மடங்குவரை ஏறுகிறது. 2013-ல் இதற்குக் காரணமான மரபணுத் தொகுதியும் கண்டுபிடிக்கப்பட்டது. எல்லா எக்கர்தெல்லாவிடமும் அந்த மரபணு இல்லை. அதனால் பாக்டீரியா இருக்கிறதா என்று மட்டும் சோதித்தால் போதாது.

இன்னும் கவலைக்குரியது அமிக்டலின். அது அடங்கிய கசப்பு ஆப்ரிகாட் விதையைச் சீன மருத்துவம் இருமலுக்குச் சிறிய அளவில் பயன்படுத்துகிறது. புற்றுநோய்க்கு மருந்து என்று சொல்லி அதே பொருள் உலகமெங்கும் விற்கப்பட்டதும் உண்டு. குடல் பாக்டீரியாவின் நொதி அமிக்டலினின் சர்க்கரையைக் கழற்றினால் வெளிவருவது ஹைட்ரஜன் சயனைடு. இரத்தக்குழாயில் ஏற்றியபோது தாங்கிக்கொள்ளப்படும் அளவே வாய்வழி எடுத்தால் உயிரைப் பறிக்கக்கூடும். சாதாரண எலிகளைக் கொன்ற அளவு கிருமியற்ற எலிகளை ஒன்றும் செய்யவில்லை என்பதை 1980-ல் வெளியான ஆய்வு காட்டியது. விதையை அரைத்துச் சாப்பிட்டால் விதையின் சொந்த நொதியும் சேர்ந்துகொள்ளும். மூலிகைதானே, இயற்கைதானே என்ற வாதம் செல்லாத இடம் இது.

பாக்டீரியாவுக்குத் தீனி போகும் வழி

கடலழிஞ்சில், பொன்குறண்டி வகைச் செடிகள் நீரிழிவுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படுபவை. அவற்றிலுள்ள சலாசினால் என்ற பொருளை 1997-ல் ஜப்பானியர்கள் பிரித்தெடுத்தார்கள். மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உடைக்கும் சிறுகுடல் நொதிகளை அது தடுக்கிறது. உடையாத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்கு உணவாகி, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாகவும் வாயுவாகவும் மாறுகிறது. வயிறு உப்புசம், காற்று பிரிதல், மலம் இளகுதல் ஆகியவை மருந்து வேலை செய்வதன் அடையாளமும்கூட. குறைந்த அளவில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றினால் இந்தத் தொல்லை குறையும். உணவுக்குப் பல மணி நேரம் முன்போ பின்போ எடுத்தால் தடுக்க வேண்டிய மாவுச்சத்தே அங்கே இராது. உணவோடு சேர்த்தே எடுக்க வேண்டும்.

சர்க்கரை குறைக்கும் மற்ற மாத்திரைகளோடு இதைச் சேர்ப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் சாதாரணச் சர்க்கரை கொடுத்து உடனே ஏற்ற முடியாமல் போகலாம். அதை உடைக்கும் நொதியைத்தான் மருந்து தடுத்து வைத்திருக்கிறது. குளுக்கோஸ் பொடியே கைவசம் இருக்க வேண்டும். இதே வழியில் இயங்கும் அக்கார்போஸ் மாத்திரைக்குச் சொல்லப்படும் விதிதான் இதுவும்.

குடலுக்கு வெளியே நடக்கும் நொதித்தல்

அரிட்டம், ஆசவம் என்ற நொதித்த நீர்ம மருந்துகள் இரண்டிலும் நுண்ணுயிரின் வேலை பானையிலேயே முடிந்துவிடுகிறது. கஷாயத்திலிருந்து செய்வது அரிட்டம். காய்ச்சாத சாற்றிலோ நீரிலோ செய்வது ஆசவம். அளவு தனியாகச் சொல்லப்படாத இடத்தில் ஆயுர்வேத நூலான சாரங்கதர சம்ஹிதையின் பொதுவிதி: நீர்மம் 1 துரோணம், வெல்லம் 1 துலாம், தேன் வெல்லத்தில் பாதி, பொடிச்சரக்கு வெல்லத்தில் பத்தில் ஒன்று. இன்றைய அளவில் ஏறத்தாழ 12.3 லிட்டர், 4.8 கிலோ, 2.4 கிலோ, 480 கிராம். நொதிக்க வைப்பது பெரும்பாலும் தாதகிப்பூ. அதன் மீது ஒட்டியிருக்கும் ஈஸ்ட்தான் வித்து.

கெடுவது எங்கெங்கே? கஷாயம் ஆறுவதற்குள் பூவைப் போட்டால் ஈஸ்ட் வெந்துபோகும். கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே இறங்க வேண்டும். பூ பழையதாகவோ கடும் வெயிலில் காய்ந்ததாகவோ இருந்தால் உயிருள்ள ஈஸ்ட் குறைந்து, நொதித்தல் தொடங்கும் முன் பூஞ்சை மேலே படரும். வெல்லம் விதியைத் தாண்டினால் சர்க்கரையின் செறிவே ஈஸ்டை வாட்டிப் பாதியில் நிறுத்திவிடும். குறைந்தால் ஆல்கஹால் போதாமல், காற்றும் புகும்போது அசெட்டிக் பாக்டீரியா புகுந்து எல்லாவற்றையும் காடியாக்கும். பானையில் கால் பங்கு காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பொங்கி வழியும். மூடிய பானைக்குள் சத்தம் அடங்குவது, மிதந்த பூவும் பொடியும் அடியில் தங்குவது, பானையின் வாயருகே கொண்டுபோன தீக்குச்சி அணையாமல் எரிவது ஆகியவை முடிந்ததன் அறிகுறிகள். கரியமில வாயு இன்னும் வந்தால் தீ அணையும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் அந்த வாயுவைச் செலுத்தினால் பால்போல் கலங்கும்.

முடிவில் ஆல்கஹால் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம். மேலே சொன்ன அளவில் போட்ட சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறுவதில்லை என்பது எளிய கணக்கு. வெல்லமும் தேனும் தரும் சர்க்கரை ஏறத்தாழ 6 கிலோ. 8 சதவீத ஆல்கஹாலுக்கு அதில் பாதிகூடச் செலவாகாது. மிச்சம் லிட்டருக்கு 200 கிராம் அளவில் நிற்கும். 20 மில்லிலிட்டர் குடிக்கும் ஒருவர் ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரையும் ஒரு கிராமுக்குச் சற்று மேல் ஆல்கஹாலும் எடுக்கிறார். நீரிழிவு உள்ளவருக்கும், கல்லீரல் நோயாளிக்கும், கர்ப்பிணிக்கும் இதைச் சொல்லாமல் கொடுப்பது சரியல்ல. ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, அதனால் அரிட்டம் புரோபயாடிக் என்று சொல்வதும் பொருந்தாது. வடிகட்டித் தெளியவைத்த பழைய அரிட்டத்தில் உயிருள்ள நுண்ணுயிர் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது.

உலர்சூரணத்தில் நுண்ணுயிர் வேறு விதமாக வருகிறது, அழுக்காக. உள்ளுக்குச் சாப்பிடும் மூலிகைப் பொருளில் கிராமுக்கு 1,00,000 பாக்டீரியா, 1,000 ஈஸ்ட் மற்றும் பூஞ்சை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சம். சால்மோனெல்லா இருக்கவே கூடாது. சரியாக உலராத வேரும் ஈரக் கிடங்கும் இந்த எல்லையை எளிதில் தாண்டும்.

மலமே மருந்தானபோது

4-ஆம் நூற்றாண்டில் சீன மருத்துவர் கே ஹோங், கடுமையான வயிற்றுப்போக்குக்கும் உணவு நஞ்சுக்கும் மனித மலக் கரைசலைக் குறித்துவைத்தார். நவீன மருத்துவத்தில் 1958-ல் அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மனின் குழு, ஆன்டிபயாடிக்குப் பின் வந்த குடலழற்சியில் 4 நோயாளிகளுக்கு மலக் கரைசலை எனிமாவாகக் கொடுத்தது. 2013-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், திரும்பத் திரும்ப வரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவின் தொற்று, மலக் கரைசலை ஒரே முறை செலுத்தியதில் 16-ல் 13 பேருக்கு நீங்கியது. வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் எடுத்தவர்களில் 13-ல் 4 பேருக்குத்தான். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

பழைய வழக்கம் நிரூபணமாகிவிட்டது என்று இதைப் படிப்பது அவசரம். கே ஹோங்கின் கரைசலில் யார் மலம், என்ன நோய் என்று சோதிக்க வழியில்லை. 2019-ல் அமெரிக்காவில், கொடையாளியின் மலத்திலிருந்த மருந்து எதிர்ப்பு ஈ. கோலை இரண்டு நோயாளிகளுக்குத் தொற்றி ஒருவர் இறந்தார். அந்த மலம் அந்தக் கிருமிக்காகச் சோதிக்கப்படவில்லை. 2022, 2023 ஆண்டுகளில் அங்கே அனுமதி பெற்ற இரண்டு தயாரிப்புகளும் கொடையாளியைச் சல்லடை போட்டுச் சோதித்த பின்பே தயாராகின்றன.

“நல்ல பாக்டீரியா கூடியது” என்ற ஆய்வை எப்படிப் படிப்பது

மூலிகை பாக்டீரியாவை மாற்றுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் குவிகின்றன. படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, எண்ணிக்கை முழு எண்ணிக்கையா, விகிதமா என்பது. ஒரு குடலில் ஓர் இனம் 80, இன்னோர் இனம் 20 என்று வைத்துக்கொள்வோம். துவர்ப்பான டானின் முதல் இனத்தைக் கொன்று 20-ஆக்கியது. இரண்டாவது அதே 20-ல் நின்றது. விகிதத்தில் பார்த்தால் இரண்டாம் இனம் 20 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. ஒன்றுகூட வளரவில்லை. பெரும்பாலான மரபணு வரிசை ஆய்வுகள் விகிதத்தை மட்டும் தருகின்றன.

அடுத்தது அளவு. சுண்டெலிக்குக் கிலோவுக்கு 1,000 மில்லிகிராம் சாறு என்றால், உடற்பரப்பு விதிப்படி 12.3 ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ மனிதருக்கு ஏறத்தாழ 4.9 கிராம் சாறு. 10 கிராம் மூலிகைக்கு 1 கிராம் சாறு வருமானால், நாளுக்கு 49 கிராம் உலர்மூலிகை. யாரும் அவ்வளவு சாப்பிடுவதில்லை. அந்த ஆய்வில் தெரிந்த மாற்றம் 3 கிராம் சூரணத்தில் தெரியும் என்று எண்ண இடமில்லை.

மனிதர்களிடம் செய்தவை சிறியவை. ஆரோக்கியமானவர்களுக்கு 4 வாரம் திரிபலா கொடுத்து, போலி மருந்தோடு ஒப்பிட்டு 2020-ல் வெளியான முன்னோடி ஆய்வில் எல்லோருக்கும் பொதுவான மாற்றம் தெளிவாக வரவில்லை; மாற்றம் ஆளுக்கொரு விதமாக இருந்தது. எங்கள் பார்வையில் இது தோல்வி அல்ல, எதிர்பார்த்திருக்க வேண்டிய முடிவு.

மரபு மருந்து கொடுப்பவர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடந்த ஒரு மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா என்பது. எடுத்திருந்தால் பேதி மருந்து வேலை செய்யாமல் போகலாம். அதைப் பார்த்து அளவை இரட்டித்தால், பாக்டீரியா மீண்டு வரும் வாரத்தில் அதே இரட்டை அளவு கடும் பேதியாகும். சென்னோசைடு நாளுக்கு 15 முதல் 30 மில்லிகிராம், தொடர்ந்து ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்ற வரம்பை அப்போதும் தாண்டக் கூடாது. டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கு அதிமதுரமும் நீடித்த பேதியும் இரண்டுமே ஆபத்து. இரண்டும் பொட்டாசியத்தைக் குறைக்கும், குறைந்த பொட்டாசியத்தில் டிகாக்சின் நஞ்சாகும்.

ஆய்வு செய்கிறவர்களிடம் எதிர்பார்ப்பது வேறு. மருந்து தொடங்கும் முன் ஒரே ஒரு மல மாதிரி எடுப்பது போதாது. நாளுக்கு நாள் மாறுவதால் வெவ்வேறு நாட்களில் இரண்டு மூன்றாவது வேண்டும். மாதிரியை உடனே உறையவைக்கவோ நிலைப்படுத்தும் திரவத்தில் இடவோ வேண்டும். அறை வெப்பத்தில் வைத்தால் சில இனங்கள் பெருகி முடிவையே திரிக்கும். மலச்சிக்கலா, இளக்கமா என்பதைக் குறிக்க வேண்டும். சூரணத்தில் மூலப்பொருள் எவ்வளவு என்று அளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாக்டீரியாவின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடாமல் அது உண்டாக்கிய பொருளை அளக்க வேண்டும்: கடுக்காய் ஆய்வில் 48 மணி நேரச் சிறுநீரில் யூரோலித்தின், அதிமதுர ஆய்வில் இரத்தத்தில் கிளைசிரெட்டினிக் அமிலம், ஜின்செங் ஆய்வில் கலவை கே. பங்கேற்றவர்களை அந்த அளவை வைத்து உண்டாக்குபவர், உண்டாக்காதவர் என்று பிரித்துவிட்டுப் பலனைக் கணக்கிட்டால், எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி பார்த்து “பலனில்லை” என்று மூடிவைத்த பல கோப்புகளை மீண்டும் திறக்க வேண்டிவரும். சில கோப்புகள் அப்படிப் பிரித்த பிறகும் வெறுமையாகவே இருக்கும்.